குரத்தி

போன பருவத் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். தமிழக வரலாறும் பண்பாடும் தாள். சமணப் பெண் துறவிகளைப் பற்றி ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று. முதல் தாளில் ஒரு மாணவி, "சமணத்தில் பெண் ஆசிரியர்கள் குறத்தி எனப்பட்டனர்" என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் 'ற'வைச் சுழித்து மேலே 'ர' போட்டேன். அடுத்த தாளிலும் அதே பிழை. மூன்றாவதிலும். ஏழாவது தாளில் ஒருத்தி ஒரு படி மேலே போய், "இவர்கள் ஊர் ஊராகச் சென்று குறி சொல்லி மக்களுக்கு நல்வழி காட்டினர்" என்று விளக்கமே கொடுத்திருந்தாள். அரை மதிப்பெண்ணா, ஒரு மதிப்பெண்ணா என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் ஒரு மாணவியிடம் கேட்டதும் அவள் பையிலிருந்து கைடை எடுத்துக் காட்டினாள். அதில் அச்சிலேயே குறத்தி. பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை.

குறத்தியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. குறவஞ்சி நாடகங்களில் தலைவி பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்க, நாடு, மலை, வாசல் என்று உலகத்தையே பேசுகிறவள் குறத்திதான். ஆனாலும் குரத்தி வேறு. குரவர் என்பதன் பெண்பால் அது. ஆசிரியை. கல்வெட்டுகளில் மரியாதையோடு குரத்தியார், குரத்திகள் என்று வரும். அறத்தைப் படித்து, அறத்தைப் பேசி, அதற்கென்றே மாணாக்கியரை வைத்துக்கொண்டு வாழ்ந்த பெண்ணுக்குத் தமிழில் ஒரு பதவிப் பெயர் இருந்தது. இன்று பல்கலைக்கழகங்களில் அரசியல் தத்துவம் என்றும் பயன்பாட்டு அறவியல் என்றும் துறை வைத்திருக்கிறார்கள். யாருக்கு யார் எவ்வளவு கடமைப்பட்டவர், எதைத் தின்னலாம், எது திருட்டு, ஆளுகிறவனுக்கு உரிமை எங்கிருந்து வந்தது என்பவை அங்கே விவாதிக்கப்படுகிற பொருள்கள். அதையே தொழிலாகக் கொண்ட ஒரு பெண்ணைக் குறிக்க நம்மிடம் இருந்த சொல்லை ஒரே ஓர் எழுத்தில் தொலைத்துவிட்டோம்.

வந்தவாசிப் பக்கத்தில் வேடல் என்று ஓர் ஊர் இருக்கிறது. கல்வெட்டில் அதன் பெயர் விடால். அங்குள்ள பாறைக் கல்வெட்டு முதல் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. குணகீர்த்தி படாரரின் மாணாக்கி கனகவீரக் குரத்தியார். அவரோடு சேர்ந்த மாணாக்கியர் 500 பேர். எதிர்ப்பக்கம் தவப் பெண்கள் 400 பேர். இரு தரப்புக்கும் பூசல். கடைசியில் ஊரார் முன்வந்து, குரத்தியாரையும் அவர் மாணாக்கியரையும் நாங்கள் காத்துச் சோறிடுவோம் என்று ஏற்றுக்கொள்கிறார்கள்.

இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவிகள் கேட்கிற முதல் கேள்வி, "எதுக்கு மேடம் சண்டை?" என்பதுதான். ஒருத்தி தண்ணீருக்கு என்பாள், ஒருத்தி பாத்ரூமுக்கு என்பாள். விடுதியில் இருக்கிறவர்கள் அல்லவா! நான் அந்தச் சிரிப்பில் கலந்துகொள்வேன். ஆனால் என்னை எப்போதும் நிறுத்துகிற சொல் சோறு. ஒரு பெண் அறத்தைப் பற்றிச் சிந்திப்பதை வாழ்நாள் வேலையாக வைத்துக்கொள்ள வேண்டுமானால் உட்கார இடம் வேண்டும், கேட்க ஆள் வேண்டும், மூன்று வேளையும் யாராவது சோறு போட வேண்டும். வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் தனி அறையும் ஆண்டுக்கு 500 பவுண்டும் கேட்டார். கனகவீரக் குரத்தியாரிடம் 500 மாணாக்கியர் இருந்தார்கள், ஊர்ச் சோறும் இருந்தது. 500க்கு 500 என்பது தற்செயல்தான். இருந்தாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

வேடல் மட்டும் இருந்தால் விதிவிலக்கு என்று தள்ளிவிடலாம். கழுகுமலைப் பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கிய சிறு உருவங்களின் கீழே, அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் இருக்கின்றன. அவற்றில் குரத்திகள் பலர். மிழலூர்க் குரத்தி, திருச்சாரணத்துக் குரத்திகள் என்று ஊர்ப் பெயரோடு வருகிறார்கள். திருச்சாரணம் என்பது கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலை. அங்கே பேராயிற்குடி அரிட்டநேமி படாரரின் மாணாக்கி குணந்தாங்கிக் குரத்திகள் தேவிக்குப் பொன்னணி கொடுத்த செய்தி கல்லில் உள்ளது. குணந்தாங்கி! இந்தப் பெண்களின் பெயருக்குப் பக்கத்தில் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்பதைவிட இன்னாருடைய மாணாக்கி, இன்ன ஊர் என்பதே முக்கியமாக வருகிறது. கனடாவில் பணியாற்றிய ஆய்வாளர் லெஸ்லி ஓர் இடைக்காலத் தமிழகத்துச் சமயப் பெண்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். 2000ஆம் ஆண்டில் வந்த அவருடைய நூல் கோயிற்பெண்களைப் பற்றியது என்றாலும், சமணக் குரத்திகளை ஆசிரியர்களாகவே பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்ததில் அவருக்குப் பங்குண்டு.

கைடு விவகாரத்துக்குப் பிறகு மாணவிகளை அழைத்துக்கொண்டு நார்த்தாமலைக்குப் போனேன். நார்த்தாமலையில் குரத்தியார் கல்வெட்டு எதுவும் இருக்கிறது என்பதால் போகவில்லை. அது என் அம்மாவின் ஊர்ப்பக்கம். இல்லாதவர்களை எங்கே தேடுவது என்பதையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியிருந்தது.

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகிற சாலையில் 17 கிலோமீட்டர் போல. முத்துமாரியம்மன் பூச்சொரிதலுக்குக் கூட்டம் அலைமோதும் ஊர், மற்ற நாளில் வெயிலும் ஆடுகளும்தான். நகரத்தார்மலை என்பதே நார்த்தாமலை ஆயிற்று என்பார்கள். வணிகர்களின் நகரம் இங்கே இருந்தது, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் நடமாடிய இடம். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது சிதறிய துண்டுகள் என்று ஊர்க்கதை. சுற்றிலும் வழுக்கைத் தலை போன்ற குன்றுகள். மேலமலையில் வெறுங்காலோடு ஏறினால் உள்ளங்கால் பொத்துவிடும் என்று அம்மா சொல்லியனுப்பியிருந்தார். இரண்டு பேர் கேட்கவில்லை.

மேலே விசயாலய சோழீச்சரம். எல்லாரும் படமெடுக்கிற கோயில் அது. சோழன் பெயர் இருந்தாலும் கல்வெட்டு வேறு கதை சொல்கிறது. சாத்தன் பூதி என்கிற இளங்கோவதியரையன் எடுப்பித்த கற்றளி, மழையில் இடிந்தது, மல்லன் விதுமன் என்பவன் புதுப்பித்தான். கட்டியவன் பெயரையே பெரிய பெயர் ஒன்று விழுங்கிவிட்டது. ஆண்களுக்கே இந்தக் கதி.

எதிரே இரண்டு குடைவரைகள். சின்னது பழியிலி ஈச்சரம். நிருபதுங்க பல்லவனின் 7ஆம் ஆட்சியாண்டில் விடேல்விடுகு முத்தரையனின் மகன் சாத்தன் பழியிலி குடைவித்தது. அவனுடைய மகள் பழியிலி சிறிய நங்கை முகமண்டபமும் இடபமும் பலிபீடமும் செய்வித்தாள், நிலமும் கொடுத்தாள் என்று அடித்தளக் கல்லில் இருக்கிறது. மாணவிகளுக்கு இந்தப் பெயர் மிகவும் பிடித்துப்போயிற்று. பழி இல்லாதவன் மகள். அவள் கட்டிய மண்டபம் இடிந்துபோய்ப் பீடம்தான் கிடக்கிறது. கல்வெட்டில் அவளுக்கு வரி கிடைத்தது, அவளிடம் நிலம் இருந்ததால். கொடையாளிப் பெண்களைப் பற்றி நம் ஆய்வாளர்கள் நிறைய எழுதுகிறார்கள். செம்பியன் மாதேவியும் குந்தவையும் ஆய்வேடுகளில் குறையே இல்லாமல் வாழ்கிறார்கள். கொடுத்தவளை எண்ணுவது எளிது, எத்தனை ஆடு, எத்தனை காசு என்று கல்லே கணக்கு வைத்திருக்கிறது. பேசியவளை எண்ணுவது அப்படி இல்லை.

பெரிய குடைவரை சமணர் குடகு. பெயர்தான் சமணர். உள்ளே போனால் முன்மண்டபச் சுவரில் பன்னிரண்டு திருமால்கள், ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தது மாதிரி ஆளுயரத்தில் நிற்கிறார்கள். சமணர் இடமாக இருந்தது 13ஆம் நூற்றாண்டளவில் விண்ணகரமாக மாறிவிட்டது. ஊர்மக்கள் வாயில் பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டு பேரையும் எண்ணிவிட்டு ஒரு மாணவி தரையைப் பார்த்தாள். "இங்க யாரு மேடம் உக்காந்து பாடம் கேட்டிருப்பா?" என்றாள். கேட்கத்தான் அழைத்துப்போனேன்.

பக்கத்திலேயே ஆளுருட்டிமலை. அங்கேயும் தீர்த்தங்கரர் உருவங்கள் உண்டு. பாண்டியர் காலக் கல்வெட்டு கனகச்சந்திர பண்டிதரையும் அவர் மாணாக்கர் தன்மதேவ ஆசாரியரையும் சொல்கிறது. ஆசிரியரும் மாணாக்கரும் ஆண்கள். குற்றவாளிகளை உச்சியிலிருந்து உருட்டிவிட்டதால் அந்தப் பெயர் என்று ஊரில் சொல்வார்கள். சற்றுத் தள்ளிச் சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகளில் பின்னாளில் பொறித்த துறவியர் பெயர்களிலும் நான் படித்த வரை எல்லாம் ஆண்பெயர்கள்தான். வேடலில் 500 பெண்கள் இருந்த அதே நூற்றாண்டுகளில் இந்தக் குன்றுகளில் ஒருத்தியும் நின்று வாதிடவில்லை என்று நம்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. அதைச் சான்றாக வைக்க மாட்டேன், ஆய்வேட்டில் எழுதவும் மாட்டேன். வெயிலில் பாறையில் உட்கார்ந்துகொண்டு நினைக்கலாம்.

கல்லில் இல்லாதவளை ஏட்டில் தேடினேன். என் முனைவர் பட்டம் நீலகேசியைப் பற்றியது. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்று என்று பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்தவர்கள் பலர், படித்தவர்கள் சிலர். அதன் தலைவிக்குக் காதலன் இல்லை, கல்யாணம் இல்லை, கணவனைத் தேடி நடக்கிற நடை இல்லை. பழையனூர் நீலி என்கிற பேய் அவள். முனிச்சந்திரர் என்ற முனிவரைக் கலைக்க அழகிய பெண்ணுருக் கொண்டு வந்து, தோற்று, அவரிடமே அறம் கேட்டுத் தெளிகிறாள். அதற்குப் பிறகு நூல் முழுக்க அவளுடைய வேலை ஊர் ஊராகப் போய் வாதிடுவது. குண்டலகேசியோடு, அருக்கச்சந்திரனோடு, மொக்கலனோடு, புத்தரோடு, ஆசீவகரோடு, சாங்கியரோடு, வைசேடிகரோடு, வேதவாதியோடு, பூதவாதியோடு. ஓர் ஆய்வாளரின் பயணப் பட்டியல் மாதிரி இருக்கும்.

அவள் எழுப்புகிற கேள்விகளும் பழசாகவில்லை. பௌத்தர்களோடு நடக்கிற வாதத்தில் ஊன் பற்றிய சிக்கல் வருகிறது. நான் கொல்லவில்லை, விற்றதைத்தான் தின்கிறேன் என்றால் கொலையில் எனக்குப் பங்கில்லையா? தின்பவன் இருப்பதால்தானே கொல்பவன் இருக்கிறான் என்று அவள் மடக்குகிறாள். பீட்டர் சிங்கர் 1975இல் விலங்கு விடுதலை பற்றி எழுதிய நூல் பயன்பாட்டு அறவியலின் அடிப்படை நூல்களில் ஒன்று. ஒருவர் வாங்குவதற்கும் இன்னொருவர் கொல்வதற்கும் உள்ள சங்கிலி அங்கேயும் பேசப்படுகிறது. நீலகேசியின் முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கறி. மாட்டுக்கறி தின்றதற்காக மனிதரை அடித்துக் கொல்கிற காலத்தில் ஊன்மறுப்பைத் தூய அறமாக மட்டும் என்னால் படிக்கவும் முடியாது. ஆனால் அவள் வாதிடுகிற முறையை ரசிக்க அதெல்லாம் தடையில்லை. வேதவாதியிடம் போகும்போது பிறப்பால் வருகிற உயர்வை அவள் கேள்விக்கு உட்படுத்துகிறாள். அது நேரடியான அரசியல் தத்துவம்.

இந்தப் பெண்ணைத் தமிழ் எப்படி நினைவில் வைத்திருக்கிறது? நீலிக்கண்ணீர். பொய்யழுகைக்கு மறுபெயர். கணவனை ஏமாற்றிக் கொன்ற பேய்க்கதையின் நீலி வாய்மொழியில் நிலைத்தாள். அவளை எடுத்துத் தர்க்கம் பேச வைத்த காப்பியம் அ. சக்கரவர்த்தி 1936இல் பதிப்பித்த பிறகும் நூலகத்தில்தான் இருக்கிறது. சக்கரவர்த்தி தத்துவப் பேராசிரியர் என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழ்த் துறைக்காரர்கள் அவ்வளவு ஆர்வம் காட்டவில்லை. என் வாய்மொழித் தேர்வில் மூத்த பேராசிரியர் ஒருவர் தாள்களைப் புரட்டிவிட்டு, "இது தத்துவம் ஆச்சேம்மா. இலக்கிய நயம் எங்கே? ஒரு பெண்பிள்ளை செய்கிற தலைப்பா இது? தாயுமானவர், ஆண்டாள் என்று எடுத்திருக்கலாம்" என்றார். பட்டம் கொடுத்துவிட்டார்கள். பிறகு டீயும் மிக்சரும் சாப்பிட்டோம். நான்தான் வாங்கிக்கொடுத்தேன்.

அவரைக் குறை சொல்லி என்ன, மணிமேகலைக்கே இது தெரிந்திருந்தது. வஞ்சி நகரில் சமயக் கணக்கர்களிடம் தத்துவம் கேட்கப் போகும்போது அவள் ஆண் துறவியாக உருவத்தை மாற்றிக்கொள்கிறாள். இளம்பெண்ணாகப் போனால் உள்ளபடி சொல்லமாட்டார்கள் என்பது அவளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. அளவைவாதி முதல் பூதவாதி வரை எல்லாரும் அந்த ஆண் உருவத்துக்குத்தான் பாடம் சொல்கிறார்கள். தமிழ்ப் பெண்ணின் முதல் தத்துவ வகுப்பு மாறுவேடத்தில் நடந்தது. வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி, ஆன்லைன் விளையாட்டில் தன் பெயரை ஆண்பெயராக வைத்திருப்பதாகச் சொன்னாள். விளக்கம் தேவைப்படவில்லை.

மேற்கில் இதெல்லாம் சரியாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது 1948இல். 20ஆம் நூற்றாண்டின் அறவியலைத் திருப்பிப்போட்ட பெண்கள் நால்வர், எலிசபெத் ஆன்ஸ்கோம், ஃபிலிப்பா ஃபுட், ஐரிஸ் மர்டாக், மேரி மிட்ஜ்லி. நால்வரும் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தது இரண்டாம் உலகப் போர் காலத்தில். இளைஞர்கள் போருக்குப் போய்விட்டதால்தான் எங்கள் குரல் வகுப்பில் கேட்டது என்று மிட்ஜ்லியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஹிரோஷிமாவில் குண்டு போட ஆணையிட்ட ட்ரூமனுக்கு 1956இல் ஆக்ஸ்ஃபோர்டு கௌரவப் பட்டம் கொடுக்க முனைந்தபோது ஆன்ஸ்கோம் எழுந்து எதிர்த்தார். பட்டம் கொடுக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் எழுந்து நிற்க அவருக்கு அந்த அவையில் இடம் இருந்தது. ஃபுட் 1967இல் எழுதிய கட்டுரையில் ஓடுகிற டிராம் வண்டி வருகிறது. ஐந்து பேரைக் காக்க ஒருவரைச் சாகவிடலாமா என்ற புதிர். அதற்குப் பக்கத்தில் நான் குண்டலகேசியை வைப்பேன். தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துப்போன கணவனை, கடைசியாக வலம்வந்து வணங்குகிறேன் என்று சொல்லிப் பின்னாலிருந்து தள்ளிவிட்டவள். அது கொலையா, தற்காப்பா? வகுப்பு இரண்டாகப் பிரியும். அவளுக்கு அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பது அதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். துறவியானாள், ஊர் வாசலில் நாவல் கிளையை நட்டுவைத்து, வாதத்துக்கு வருகிறவர்கள் வரலாம் என்று அறிவித்தாள். தமிழில் அவள் காப்பியம் முழுதாகக் கிடைக்காமல் போயிற்று.

புதுக்கோட்டைக்காரர்களிடம் பெண்கல்வி என்றதும் முத்துலட்சுமி ரெட்டி பெயர் வரும். 1886இல் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் மன்னர் கல்லூரியின் முதல்வர், தாய் சந்திரம்மாள் இசைவேளாளர் சமூகத்தவர். ஆண்கள் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தபோது மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதித்தார். 1912இல் மருத்துவரானார், பிறகு சென்னை சட்டமன்றத்தில் துணைத்தலைவர், தேவதாசி முறைக்கு எதிரான சட்டப் போராட்டம். 1929இல் வந்த திருத்தம் கோயில் ஊழியத்திலிருந்து இனாம் நிலங்களை விடுவித்தது, முழுத் தடைச் சட்டம் 1947இல். இவ்வளவும் பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் இல்லாதது, தேவதாசிப் பெண்களிலேயே பலர் அந்தச் சட்டத்தை எதிர்த்து மனுக் கொடுத்தார்கள் என்பது. எங்கள் நிலம், எங்கள் கலை, எங்கள் சொத்துரிமை என்று அவர்கள் வாதிட்டார்கள். அதே மரபிலிருந்து வந்த மூவலூர் ராமாமிர்தம் 1936இல் நாவல் எழுதி எதிர்ப்பக்கம் நின்றார். ஒருவரின் விடுதலைக்காக இன்னொருவர் சட்டம் செய்யலாமா, தன் தாயின் சமூகத்துக்காகப் பேசுகிறவளுக்கு அந்தச் சமூகத்தின் சம்மதம் வேண்டுமா? அரசியல் தத்துவத்தில் இதைவிடக் கடினமான கேள்வி குறைவு. முத்துலட்சுமியை மருத்துவர் என்கிறோம், சமூக சீர்திருத்தவாதி என்கிறோம். சிந்தனையாளர் என்ற சொல்லை மட்டும் பெரியாருக்கும் அம்பேத்கருக்கும் எடுத்து வைத்திருக்கிறோம்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது.

அம்மா கல் உடைத்தார். நார்த்தாமலைக்குக் கிழக்கே, வேட்டு வைத்துப் பிளந்த கல்லைச் சுத்தியலால் ஜல்லியாக்கி யூனிட் கணக்கில் கூலி. குவாரி ஒப்பந்தக்காரரிடம் வாங்கிய முன்பணம் அடையவே அடையாது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. நான் அப்போது ஆரம்பப் பள்ளி முடிக்கிற வயது. இரவு எட்டு மணிக்கு அரிக்கேன் விளக்கைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து எழுத்துக் கூட்டுவார்கள். அம்மா கையில் சுத்தியல் காய்ப்பு இருந்ததால் பலப்பம் நழுவும். சைக்கிளும் அந்த நாளில்தான் கற்றுக்கொண்டார். அப்பா ஒரு வாரம் பேசவில்லை. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் காலத்தில் கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டார்கள். அம்மாவின் குழுவுக்கும் கிடைத்தது.

குத்தகைக் கணக்கு சொல்லிக்கொடுக்க வந்தவர்கள், இனி இந்தக் கல் உங்களுடையது என்று பேசினார்கள். அம்மா எழுந்து கேட்டார்: "எங்களுதுங்கிறீக. எங்களுதுன்னா ஒடைக்காமயும் விடலாமா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எனக்குப் பத்து பதினோரு வயது. உடைக்காமல் விட்டால் அரசுக்குக் கட்ட வேண்டியதை எப்படிக் கட்டுவது, ராத்திரி உலையில் என்ன போடுவது? அம்மா உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலையில் சுத்தியலை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனார்.

முதுகலை முடித்த பிறகு ஜான் லாக் எழுதிய ஆட்சி பற்றிய இரண்டாம் நூலைத் தட்டுத்தடுமாறிப் படித்தேன். 17ஆம் நூற்றாண்டின் நூல், உடைமை என்பதற்கு இன்றுவரை எல்லாரும் திரும்பிப்போகிற இடம். மண்ணோடு மனிதன் தன் உழைப்பைக் கலக்கும்போது அது அவன் சொத்தாகிறது என்கிறார். படித்து மகிழ்ந்துகொண்டே வந்தேன், அம்மா 14 வருடம் கலந்திருக்கிறாரே என்று. கொஞ்சம் தள்ளி, என் குதிரை மேய்ந்த புல்லையும் என் வேலையாள் வெட்டிய புற்கரணையும் நான் தோண்டிய தாதுவையும் ஒரே வரிசையில் வைத்து, எல்லாம் என் உடைமை என்று முடிக்கிறார். குதிரையும் வேலையாளும் ஒரே கணக்கு. புத்தகத்தை மூடிவிட்டு அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "அவரு குவாரி வச்சிருந்தாரா?" என்று கேட்டார்.

மார்த்தா நுஸ்பாம் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 2000ஆம் ஆண்டில் பெண்களையும் மனித மேம்பாட்டையும் பற்றி எழுதிய நூலில் இரண்டு இந்தியப் பெண்கள் வருகிறார்கள். அகமதாபாத் வசந்தி, திருவனந்தபுரத்தில் செங்கல் சூளையில் வேலை செய்த ஜெயம்மா. நல்ல நூல், ஜெயம்மாவை மதிப்போடு எழுதியிருக்கிறார். தலையில் செங்கல் சுமக்கிற பெண்ணிலிருந்து, ஒரு மனிதர் எதைச் செய்யவும் எதுவாக இருக்கவும் முடிய வேண்டும் என்ற கோட்பாட்டை நோக்கிப் போகிறார். எனக்குள்ள வருத்தம் ஒன்றுதான். அந்த நூலில் ஜெயம்மா எடுத்துக்காட்டு, நுஸ்பாம் ஆசிரியர். அறிவொளி பற்றி வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் 1996இல் சேர்ந்து எழுதிய நூலிலும் புதுக்கோட்டைப் பெண்கள் இருக்கிறார்கள். கற்றவர்களாக, சைக்கிள் ஓட்டியவர்களாக, குத்தகை எடுத்தவர்களாக. உடைக்காமல் விடலாமா என்று கேட்டவளாக ஒருத்தி இருந்தாள் என்பதை நான் எழுதினால்தான் உண்டு. ஓர் உடைமையைப் பயன்படுத்தாமல் இருக்கும் உரிமை ஏழைக்கு உண்டா? இன்று கிரஷர் தூசியில் குன்றுகள் கரைகிறபோது சூழலியல் அறவியல் என்று கருத்தரங்கு போடுகிறோம். அம்மா அந்தக் கேள்வியோடு குரத்தியாராகியிருக்க முடியும். விடாலூரார் மாதிரி யாராவது, நீ உடைக்க வேண்டாம், உட்கார்ந்து யோசி, நாங்கள் சோறிடுகிறோம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

அம்மாவுக்கு இப்போது மூச்சு வாங்குகிறது. நார்த்தாமலைப் பயணத்தில் மாணவிகளுக்குப் புளிச்சோறு கட்டிக்கொடுத்துவிட்டு அடிவாரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். இறங்கி வந்தபோது தொல்லியல் துறைப் பலகையை எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார். "ஆத்தா, இந்தப் பழியிலிங்கிறது பொம்பளையா ஆம்பளையா?" என்றார். ஆம்பளை, அவன் மகள் பொம்பளை என்றேன். "மகளுக்குப் பேரு இல்லியா?" சிறிய நங்கை என்றேன். "அது பேரா, அளவா?" என்று சிரித்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது, ஏழாவது விடைத்தாள்காரி என் பக்கத்து இருக்கைக்கு மாறி வந்தாள். குறி சொல்லுகிறவர்கள் என்று எழுதியவள். தமிழ் முடித்துவிட்டுத் தத்துவத்தில் எம்.ஏ. சேர முடியுமா என்று கேட்டாள். சேரலாம் என்றேன். வேலை கிடைக்குமா என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டில் என்ன சொல்வார்கள் என்று நான் கேட்டதற்கு, அதை அவள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். கீரனூர் போகிற பஸ் ஒன்று எதிரே ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டாள்: "ஹாஸ்டல்ல சாப்பாட்டுக்கு எவ்வளவு மேடம் ஆகும்?"

எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன்.